கடைவாயில் ஒரு டைட்டானியம் பல்

கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல் ரூட் கேனால் செய்தும் நிற்கவில்லை, எடுத்துவிட்டார்கள். "ஒரு பல்தானே, வெளியே தெரியாதே" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பல் போன இடத்தைச் சும்மா விட்டால் பின்பல் முன்னால் சாயும், மேல்பல் கீழே இறங்கும், மெல்லும் அழுத்தம் இல்லாமல் தாடை எலும்பும் கரையும். என் அப்பத்தாவின் கன்னம் ஒட்டிப்போனது எப்படி என்று அப்போதுதான் விளங்கியது.

இருபக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்து நடுவில் செயற்கைப் பல் நிறுத்தும் பிரிட்ஜ் கட்டலாம். ஆனால் அதற்கு இருபக்கத்துப் பற்களையும் அராவ வேண்டும். சொத்தையே இல்லாத பல்லை அராவ எனக்குச் சம்மதமில்லை. அதனால் தாடை எலும்பில் டைட்டானியம் ஸ்க்ரூ பதித்து அதன்மேல் பல் வைக்கும் இம்பிளான்ட் என்று முடிவு செய்தேன்.

முதலில் போன இடத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவில்லை, ஸ்கேனும் எடுக்கச் சொல்லவில்லை. அன்றைக்கே முன்பணம் கட்டச் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டேன். பிறகு காரைக்குடியில் பார்த்த டாக்டரம்மா என் வாயைத் திறக்கச் சொல்லும் முன்பே, "ஆச்சி, மூணு மாச சர்க்கரை எவ்வளவு?" என்றார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அந்த HbA1c எட்டு சதவீதத்துக்கு மேல் இருந்தது. "ஏழுக்குக் கீழ கொண்டு வாங்க, அப்புறம் பார்ப்போம்." சர்க்கரை கூடினால் புண் ஆறுவது தாமதமாகும், எலும்பும் ஒழுங்காகப் பிடிக்காதாம். அவர் சொன்ன அந்த வார்த்தையில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. சோற்றைக் குறைத்து, காலையில் கண்மாய்க்கரையில் நடந்து, இறக்கிவிட்டுத்தான் திரும்பிப் போனேன்.

அடுத்து முப்பரிமாண ஸ்கேன். தாடைக்குள் நரம்பு ஓடும் குழாயைத் திரையில் காட்டினார். ஸ்க்ரூ அதைத் தொட்டால் கீழுதடு மரத்துப்போகும். அதற்கு மேலே எவ்வளவு எலும்பு இருக்கிறது என்று அளந்த பிறகே ஸ்க்ரூவின் நீளத்தைத் தேர்ந்தெடுத்தார்.

பதித்த அன்று மரப்பு ஊசி போட்டதோடு வலி தீர்ந்தது. துளை போடும்போது காது வரை ஓர் அதிர்வு, வாய் நிறைய உப்புத்தண்ணீர். எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று பிறகு கேட்டேன். எலும்பு 47 டிகிரிக்கு மேல் சூடானால் அதன் உயிரணுக்கள் செத்துவிடும், அதனால் மெதுவாக, குளிரவைத்துக்கொண்டே துளைக்க வேண்டும் என்றார். ராத்திரி கொஞ்சம் வீக்கம், ஐஸ் ஒத்தடம், மாத்திரை. சில நாள் குழைந்த பருப்புச் சோறும் இட்லியும்.

அதன் பிறகு காத்திருப்புதான். கீழ்த்தாடைக்கு மூன்று நான்கு மாதம், மேல்தாடைக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும். ஆத்தங்குடிக் கல்லை அச்சிலிருந்து எடுத்தவுடன் தரையில் பதிக்க மாட்டார்கள், தண்ணீரில் கிடந்து இறுக வேண்டும், இதுவும் அப்படித்தான். 1952இல் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் முயல் எலும்பில் வைத்த டைட்டானியத்தைத் திரும்ப எடுக்க முடியாதபடி எலும்பு பிடித்துக்கொண்டதாம். 1965இல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பதித்திருக்கிறார். என் தாடையிலும் அதே பிடிப்புக்காகத்தான் காத்திருந்தோம். நடுவில் பங்காளி வீட்டில் சாந்திக் கல்யாணம். சீப்புச் சீடையும் கைமுறுக்கும் தட்டில் வந்தன. நான் பணியாரத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

எலும்பு பிடித்ததை எக்ஸ்ரேயில் உறுதி செய்தபின் அளவெடுத்து, ஸ்க்ரூவின் மேல் பல் வடிவக் கேப் மாட்டினார். நீலத்தாளைக் கடிக்கவைத்து, கறை அழுத்தமாகப் பட்ட இடத்தை மட்டும் துளித்துளியாகத் தேய்த்தார். இயற்கைப் பல்லைச் சுற்றி அழுத்தத்தை உணரும் மெல்லிய நார்கள் உண்டு, இம்பிளான்டுக்கு அது கிடையாது. கடி அதிகமானாலும் நமக்குத் தெரியாது. அதனால் இந்த வேலையை அவசரப்படுத்தவே கூடாது, டாக்டர் இரண்டு முறை தேய்த்தால் பொறுமையாக உட்காருங்கள்.

பணம் பேசும்போது கேப்பும் சேர்த்தா, ஸ்க்ரூவுக்கு மட்டுமா என்று கேட்டுவிடுங்கள். பதித்த இம்பிளான்டின் கம்பெனி, அளவு எழுதிய அட்டையையும் வாங்கி வையுங்கள். பின்னால் வேறு ஊரில் ஏதாவது செய்ய வேண்டி வந்தால் அது வேண்டும்.

இந்தப் பல் சொத்தையாகாது, ஆனால் சுற்றியுள்ள ஈறு வீங்கி அப்படியே விட்டால் எலும்பு கரைந்து ஸ்க்ரூ ஆடிவிடலாம். தினமும் ராத்திரி சிறு பிரஷ்ஷை இடுக்கில் விட்டுத் துலக்குகிறேன். நாட்டுக்கோழி எலும்பை மட்டும் இன்னும் இடப்பக்கத்துக்கே கொடுக்கிறேன். எலும்பு மட்டம் பார்க்க அடுத்த எக்ஸ்ரே ஆடி முடிந்து.