இருபதேகால் புள்ளி

தடகளப் போட்டிகளில் புள்ளிக் கணக்கு எழுதும் வேலையைச் சில வருடம் செய்திருக்கிறேன். அதனால் பழைய முடிவுகளைப் பார்த்தாலும் கண் முதலில் கூட்டலுக்குத்தான் போகும்.

1921 ஜூன், சிகாகோவின் ஸ்டாக் ஃபீல்டு மைதானம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு நடத்திய முதல் தடகளச் சாம்பியன்ஷிப். வேறு எந்த விளையாட்டிலும் அதற்கு முன் அது நடத்தியதில்லை. ஜெயித்தது ஹாரி கில் பயிற்சி கொடுத்த இல்லினாய் பல்கலைக்கழக அணி, 20¼ புள்ளியில்.

அதென்ன கால்? உயரம் தாண்டுதல், கோலூன்றித் தாண்டுதலில் பலர் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால், அந்த இடங்களுக்கான புள்ளியைக் கூட்டி ஆளுக்குச் சமமாகப் பிரிப்பார்கள். அப்புறம் பின்னம் வராமல் என்ன செய்யும்!

தடை ஓட்டத்தில் டார்ட்மத் கல்லூரியின் ஏர்ல் தாம்சன் முதலிடம். கனடாவுக்காக 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். சரி, பெரிய ஆள்தான். எனக்கென்னவோ அந்தக் கால் புள்ளியைக் கூட்டி எழுதியவரைத்தான் பார்க்க ஆசை.