353 செ.மீ. – எங்கிருந்து?

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிமாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று, மாநிலத் தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட நூல் சொன்னது. அன்று முதல் மேடையிலும் முகநூலிலும் இந்த இரண்டு எண்களும் சேர்ந்தே உலவுகின்றன. அகழாய்வு ஏடுகளோடு புழங்கியவருக்கு உடனே அடுத்த கேள்வி வரும். 353 எங்கிருந்து அளந்தது? குழியின் மேல்மண்ணிலிருந்தா, எல்லாக் குழிகளுக்கும் பொதுவாகக் குறித்த மட்டப்புள்ளியிலிருந்தா? எந்தக் குழி, நான்காகப் பிரித்த அதன் எந்தப் பகுதி, எத்தனையாவது மண்ணடுக்கு? பிற்காலத்தார் தோண்டிய பள்ளம் ஏதும் அந்த அடுக்கை வெட்டிக்கொண்டு போயிருக்கிறதா? இவற்றுக்கு முழு விடை சொல்பவை குழிக் குறிப்பேடும், குழிச் சுவரில் தெரியும் மண்ணடுக்குகளை வரைந்த வெட்டுமுகப் படமும், தொல்பொருள் பதிவேடும்தான். அச்சேறும் அறிக்கை அவற்றின் சாறு. அறிக்கையைப் பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் ஏற்றியதோடு கையைக் கழுவிக்கொண்டால், சாறு கிடைக்கும், சரிபார்க்க வழி கிடைக்காது. அந்த மூன்று மூல ஏடுகளையும் மின்வடிவாக்கி ஏற்ற வேண்டும்.

அறிக்கைக்கே காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. 1945-இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் வீலர், மறு ஆண்டே அறிக்கையை அச்சில் கொண்டுவந்துவிட்டார். கீழடியின் முதல் இரண்டு கட்டங்கள் 2014-க்கும் 2016-க்கும் இடையில் நடந்தன. 982 பக்க அறிக்கை 2023 ஜனவரியில்தான் சமர்ப்பிக்கப்பட்டது. அறிக்கை எழுதி முடியும்வரை மூல ஏடுகளை இரும்பு அலமாரியில் பூட்டி வைக்கும் பழக்கம் மாறினால், கறையானுக்கும் கசிவுக்கும் இரையாவதாவது குறையும்.

மூல ஏடுகள் மூன்றில், மின்வடிவாக்கப் பாடு அதிகம் வெட்டுமுகப் படத்தில். டிரேசிங் தாளில் 1:20 அளவில் பென்சிலால் வரைந்திருப்பார்கள். மேலே மட்டம் பார்த்துக் கட்டிய நூலைக் காட்டும் கோடு, அதற்குக் கீழே அடுக்குகளின் விளிம்புகள், ஒவ்வொன்றின் உள்ளேயும் பொடி எழுத்தில் ‘சாம்பல் கலந்த களிமண்’, ‘செம்மண், ஓட்டுச்சில்லுகள்’ என்ற குறிப்பு. சிவப்புப் பென்சில் கோடு ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் பிறகு வந்து திருத்தியது. இதைக் கறுப்பு-வெள்ளையில் ஸ்கேன் செய்தால் மங்கிய எழுத்து மறையும், திருத்தக் கோடும் மூலக் கோடும் ஒன்றாகிவிடும். வண்ணத்தில், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பாக வைப்பதே சரி. தாள் ஒளி ஊடுருவுவது என்பதால் பின்னால் ஒரு வெள்ளை அட்டை அவசியம். உருளை இழுக்கும் ஸ்கேனரில் பழைய டிரேசிங் தாளை விடக்கூடாது. மடிப்போடு கிழியும், காய்ந்த செல்லோடேப் உருளையில் ஒட்டும். பெரிய தாளென்றால் மேலிருந்து கேமராவால் எடுக்கலாம். இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்தால் பளபளப்பு அடங்கும்.

‘அளவு 1:20’ என்ற எழுத்தை நம்பி ஏமாறுவதும் இங்கேதான். படத்தைச் சுருக்கி ஏ4-இல் அச்சிட்ட மறுகணம் அது பொய். அதனால் தாளின் ஓரத்தில் நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என இரண்டு அளவுகோல்களை வைத்தே பதிவு செய்ய வேண்டும். திரையில் இரண்டும் ஒரே நீளம் காட்டாவிட்டால் கேமரா சாய்ந்திருக்கிறது, மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

குறிப்பேட்டுக்கு 400 டிபிஐ போதும். வெற்றுப் பக்கத்தையும் விடக்கூடாது. விட்டால் ஸ்கேன் செய்தவர் தவறவிட்டதா, எழுதியவர் விட்டதா என்று பின்னால் தெரியாது. இடையில் செருகிய துண்டுச்சீட்டை முதலில் இருந்த இடத்திலேயே ஒரு படம், பிறகு தனியாக ஒன்று. ஃபிலிம் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டால் இடம் வலமாகிவிடும். பானை படத்தில் அது கண்ணுக்கே தெரியாது. குழிக்குள் வைத்த பெயர்ப்பலகை எழுத்து நேராக இருக்கிறதா என்று ஒவ்வொரு சுருளிலும் பார்க்க வேண்டும்.

பதிவேட்டை அட்டவணையாக்கும்போது எக்செல் தன் வேலையைக் காட்டும். மண்ணடுக்கு ‘1-2’ என்று தட்டினால் அது தேதியாகிவிடும். ‘3/4’ குழி எண்ணுக்கும் அதே கதி. தட்டத் தொடங்கும் முன்பே அந்தப் பத்திகளை (நெடுவரிசைகளை) ‘உரை’ என்று மாற்றிவிட வேண்டும். பிறகு மாற்றினால் பழைய மதிப்பு திரும்பாது. இறுதிக் கோப்பு சிஎஸ்வி (வெறும் உரையாகச் சேமித்த அட்டவணை), யூனிகோடு. ஆழத்துக்கு மூன்று பத்திகள்: எண், அலகு, எங்கிருந்து அளந்தது. மூன்றாவது பத்தியைத்தான் எல்லோரும் விடுகிறார்கள்.

தமிழ் அறிக்கைகளுக்கு எழுத்துரு ஒரு தனித் தொல்லை. பாமினி, வானவில் காலத்துக் கோப்புகள் திரையில் அழகாகத் தெரியும்; ஒரு சொல்லை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். தேடுபொறிக்கும் அந்தக் குப்பைதான் தெரியும், ‘உறைகிணறு’ தெரியாது. யூனிகோடுக்கு மாற்றும் செயலியை முழுக் கோப்பின் மீதும் ஓட்டினால் உள்ளே இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகும். எழுத்துரு வாரியாகப் பிரித்து ஓட்ட வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை, னை எல்லாம் பழைய வடிவம். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரிச் செயலி அங்கே தடுமாறும். உரையில் பிழை வந்தால் வாசகர் ஊகித்துக்கொள்வார். அட்டவணையில் 3 என்பது 8 ஆனால் ஊகிக்க ஒன்றுமில்லை. எண்கள் மட்டும் இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டி ஒப்பிடத் தக்கவை.

ஊர்ப்பெயர் எளிதென்று தோன்றும். பழைய அறிக்கையில் ஆதிச்சநல்லூர் திருநெல்வேலி மாவட்டம். 1986 முதல் தூத்துக்குடி. பூம்புகார் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் போய், 2020-இல் மயிலாடுதுறைக்கு வந்திருக்கிறது. மாவட்டத்தை மட்டும் வைத்துத் தேடுபவருக்கு பாதி ஏடு கிடைக்காது. அறிக்கையில் உள்ளபடி ஒன்று, இன்றைய நிலவரப்படி ஒன்று என இரண்டையும் பதிய வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகையிலும் இதே சிக்கல்: பழைய நிலப்படத்தில் எடுத்த புள்ளியை அப்படியே இன்றைய கூகுள் வரைபடத்தில் வைத்தால் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழக்கூடும். எந்த அடிப்படையில் எடுத்தது என்று எழுதாத புள்ளி, தோண்டாத வயலைக் காட்டும்.

எல்லாவற்றையும் திறந்து வைப்பதிலும் ஆபத்து உண்டு. காவலில்லாத ஈமக்காடுகளின் துல்லியமான இருப்பிடம் புதையல் தேடுவோருக்குத்தான் முதலில் பயன்படும். பாகையில் நான்கு தசம இடம் கொடுத்தால் ஏறத்தாழ 11 மீட்டர், புதைகுழியைச் சுற்றிய கல்வட்டத்தையே தொட்டுவிடலாம். இரண்டு இடம் என்றால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் ஊர்தான் தெரியும். பொதுப் பதிப்புக்கு இரண்டு போதும், எல்லாத் தசம இடங்களையும் ஆய்வாளர் கேட்டால் கொடுக்கலாம். குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் கூலிப் பட்டியலும் நில உரிமையாளர் பெயரும் இருக்கும். பிடிஎஃப் மேல் கறுப்புப் பட்டை போட்டு மறைத்தால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும், நகலெடுத்தால் வெளியே வந்துவிடும். படமாக மாற்றி, அந்த இடத்தை அழித்து, பிறகே ஏற்ற வேண்டும்.

ஏற்றிய பிறகு முகவரி மாறாமல் இருப்பது பெரும்பாடு. இணையதளத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய இணைப்புகள் செத்துப்போகின்றன. பிரிட்டனில் யார்க் பல்கலைக்கழகத்தை இருப்பிடமாகக் கொண்டு 1996 முதல் நடக்கும் தொல்லியல் தரவு சேவை, அச்சேறாத களஅறிக்கைகளையும் மூலத் தரவையும் சேர்த்துக் காத்து, நிலையான அடையாள எண் கொடுக்கிறது. மேற்கோள் காட்டியவர் பத்து ஆண்டு கழித்துச் சொடுக்கினாலும் அதே கோப்பு வரவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் முரண் வரும். பதிவேட்டில் பாசிமணி ஒன்று நான்காம் அடுக்கு என்றிருக்கும். அது இருக்கும் பொதியின் சீட்டில் மூன்று. அட்டவணையில் நான்கையும் மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் வைத்து, ‘குறிப்பு’ பத்தியில் ‘சீட்டும் பதிவேடும் ஒத்துப்போகவில்லை’ என்று எழுதி, சீட்டின் படத்தையும் அந்த வரியோடு இணைத்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் சரியென்று முடிவுகட்டித் திருத்துவது ஏற்றுபவரின் வேலை இல்லை. வெட்டுமுகப் படத்தைத் திறந்து வைத்து அந்த மணியின் ஆழத்தோடு ஒப்பிடப்போகிறவருக்கு இரண்டும் வேண்டும்.