மெஷின் குறித்துக் கொடுக்கும் 22 இடங்கள்

பாப் ஸ்மியரை (கருப்பைவாய்ப் புற்றுநோயின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க அங்கிருந்து எடுக்கும் செல் சாம்பிளை) மெஷின் பார்க்கிறது என்றதும், நார்மலா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 2003-இல் அனுமதி பெற்ற தின்பிரெப் இமேஜர் என்ற மெஷின் அப்படி எதுவும் சொல்லாது. ஸ்லைடில் 20 மி.மீ. வட்டத்தில் படிந்திருக்கும் செல்களை முழுக்க ஸ்கேன் செய்து, ஆள் பார்க்க வேண்டிய 22 இடங்களைக் குறித்துக் கொடுக்கும். முற்றிலும் நார்மலான ஸ்லைடிலும் 22 இடம் காட்டும். அவற்றில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் ஸ்லைடு முழுவதையும் ஓட்டிப் பார்த்தாக வேண்டும்.

மெஷின் முக்கியமாகக் கவனிப்பது நியூக்ளியஸின் (செல்லின் உட்கருவின்) கருமையை. இதற்கென்று தனி ஸ்டெயின், அதாவது சாயம், உண்டு. டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் நிறம் ஏறும். அதனால் பாதிச் சிக்கல் ஸ்டெயினிங் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. ஸ்டெயினை மாற்றாமல் இழுத்தடித்தால் நிறம் வெளிறி, மெஷின் இடங்களைத் தேர்வதே தடுமாறும். கவர்ஸ்லிப்புக்கு (செல்களை மூடும் மெல்லிய கண்ணாடிக்கு) அடியில் காற்றுக்குமிழி, விளிம்பில் வழிந்த மவுண்டிங் திரவம் (அந்தக் கண்ணாடியை ஒட்டுவது), சரியாகக் காயாத ஸ்லைடு, இவற்றில் எது இருந்தாலும் இமேஜர் திருப்பி அனுப்பிவிடும். திருப்பி அனுப்புவது ஒரு வகையில் நல்லது, கைமுறையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்லைடு தயாரிக்கும்போதும் சிக்கல் வரும்: ரத்தம் மிகுந்த சாம்பிள், செல்களைப் பிடிக்கும் ஃபில்டரை அடைத்துக்கொண்டு, ஸ்லைடில் செல்லே இல்லாமல் போகும். 9 பங்கு சைட்டோலிட் என்ற கழுவும் திரவத்துக்கு 1 பங்கு கிளேசியல் அசிட்டிக் ஆசிட் கலந்து கழுவி மறுபடி போட்டால் பெரும்பாலும் தேறும். ஸ்லைடில் குறைந்தது 5,000 செல் வேண்டும். மைக்ராஸ்கோப்பில் 40எக்ஸ் லென்ஸும் 22 எண் ஐபீஸும் (கண் வைக்கும் லென்ஸ்) வைத்துப் பார்த்தால், அது சராசரியாக ஒரு பார்வைக்குச் சுமார் 4 செல்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தீவிர மாற்றம் கொண்ட செல்கள் சில சமயம் சின்னதாக, வெளிறி, தனித்தனியாகக் கிடக்கும். மெஷினுக்கு அவை பெரிதாகப் படாது. மெஷின் துணையையும் கைமுறையையும் ஒப்பிட்டு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடந்த மவாரிக் ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது: மெஷின் துணையோடு பார்த்ததில், கண்டுபிடிக்கும் திறன் கைமுறையைவிட 8 சதவீதம் குறைவு. நேரம் மிச்சமானது என்னவோ உண்மை. ஆனால் அந்த மிச்சத்தை இன்னும் நாலு ஸ்லைடு தள்ளவே லேப்கள் செலவழிக்கின்றன என்பது என் மனத்தாங்கல்.

அமெரிக்க விதிப்படி ஒருவர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுதான் பார்க்கலாம். அந்தக் கணக்கில், 22 இடம் மட்டும் பார்த்தால் அரை ஸ்லைடு, கைமுறையில் முழுவதும் பார்த்தால் 1, இரண்டும் செய்தால் ஒன்றரை. இந்த ஒன்றரையை அவரவர் கணக்குத் தாளில் அவ்வப்போதே எழுதிவிட வேண்டும். சாயங்காலம் நினைவிலிருந்து எழுதினால் ஒன்றரை ஒன்றாகிவிடும், வரம்பு தாண்டியதும் தெரியாது.