பாலத்தின் மேல் ஒரு சாதகம்

கல்யாண வரவேற்புகளில் சாக்ஸபோன் வாசிப்பது என் தொழில். முகூர்த்த மாதங்களில் வாரம் முழுக்க மேடை இருக்கும். தினமும்தான் வாசிக்கிறோமே, தனியாகச் சாதகம் எதற்கு என்று தோன்றும். ஆனால் அதே பாட்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்தால் விரல்தான் பழகும், நாதம் தேய்ந்துபோகும். நாதம் தேய்கிறது என்று தோன்றும்போதெல்லாம் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சோனி ராலின்ஸை நினைத்துக்கொள்கிறேன்.

1930ல் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்தவர். இளவயதில் ஹெராயின், சிறை எல்லாம் பார்த்தார். 1955ல் கென்டக்கியில் லெக்சிங்டன் மருத்துவமனையில் சேர்ந்து மீண்டார். மறு வருடமே ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ ஆல்பம் பதிவானது. 1959ல், பேரும் புகழும் கூடிவந்த நேரத்தில், மேடையை விட்டே இறங்கிவிட்டார். ஊர் சொல்லும் அளவுக்குத் தன் வாசிப்பு இல்லை என்று அவருக்கே பட்டதுதான் காரணம்.

பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்ததால் வீட்டில் உரக்க வாசிக்க மனம் வரவில்லை. நடக்கும் தூரத்தில், ஈஸ்ட் ஆற்றின் மேல் வில்லியம்ஸ்பர்க் பாலம். அதன் நடைபாதையில் வெயில், குளிர் பாராமல், சில நாள் 15 மணி நேரம் வரைகூட வாசித்தார். 1961 வரை இப்படியே போனது.

வாசிப்பவனுக்குத்தான் அந்த இடத்தின் அருமை தெரியும். அறைக்குள் சுவர் நம் ஒலியைத் திருப்பித் தரும். மண்டபத்தில் மைக்கும் எக்கோவும் நம் குறையை மூடிவிடும். வெட்டவெளியில் ஊதியது ஊதியபடியே போய்விடும். அடிவயிற்றிலிருந்து காற்று வராவிட்டால் நாதம் அங்கேயே மெலிந்துவிடும். பக்கத்தில் ரயில் ஓடும், கீழே படகுகள் ஹாரன் அடிக்கும். யாருக்கும் தொந்தரவில்லை, முழு பலத்தோடு ஊதலாம்.

மொட்டை மாடியில் நானும் லாங் டோன் பிடிக்கிறேன், அதாவது ஒரே ஸ்வரத்தை நீளமாக ஊதி நிறுத்துகிறேன். வாத்தியத்தின் அடி ஸ்வரமான கீழ் பி ஃபிளாட்தான் சோதனை. எல்லாத் துளையும் மூடி, குழல் முழுக்கக் காற்று போக வேண்டும். துளையை மூடும் பேட் ஒன்று லேசாகக் கசிந்தாலும் ஸ்வரம் பிசிறடித்து மேல் ஸ்தாயிக்கு எகிறிவிடும். மெல்லத் தொடங்கி, மூச்சு தீரும்வரை ஒரே கனத்தில் நிறுத்துவதற்குள் வியர்த்துவிடும்.

1962ல் ‘தி பிரிட்ஜ்’ ஆல்பம் வந்தபோது, புதுப் பாணி எங்கே என்று விமர்சகர்கள் பலர் ஏமாற்றமடைந்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பியானோ இல்லை, அதன் இடத்தில் ஜிம் ஹாலின் கிட்டார் அளவாகக் கூட வருகிறது. அந்த இடைவெளியில் ராலின்ஸ் ஒவ்வொரு பிடியையும் அவசரமில்லாமல் முடிக்கிறார். பாலத்தில் செய்த வேலை அந்த மூச்சில் இருக்கிறது.

2012 வரை மேடையேறினார். பிறகு நுரையீரல் நோய் நிறுத்திவிட்டது. மூச்சாலேயே வாழ்ந்தவருக்கு இப்படியா என்று மனம் ஆறவில்லை.

பாலத்துக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். வருமானமில்லாத அந்தக் காலத்தில், பின்னாளில் அவர் மனைவியான லூசில்தான் வேலைக்குப் போய்த் தாங்கினார். ஆடியில் எங்கள் மண்டபங்கள் பூட்டிக்கிடக்கும்போது, என் மனைவியின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. காலையில் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் நான் மாடி ஏறுகிறேன். சாயங்காலம் வந்ததும், “இன்னிக்கு எவ்வளவு நேரம் வாசிச்சீங்க?” என்பதுதான் அவள் முதல் கேள்வி.