படத்தில் சாமி சின்னதாகிக்கொண்டே போனார்

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட போட்டோக்கொப்பி, லேமினேட்டிங் கடை வைத்திருப்பவனுக்கு ஊர் விசயம் பலதும் தானாகவே கைக்கு வந்துவிடும்.

ஒரு ‘ஐயா’வின் ஆட்கள் சில வருசமாக என்னிடம்தான் படம் அடிக்கிறார்கள். பெயர் வேண்டாம். உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம். முதலில் அடித்த படத்தில் எங்கள் ஊர்ச் சிவன் கோணேசர் பெரிதாக நடுவில். ஐயா கீழ் மூலையில் கைகூப்பியபடி, முத்திரை அளவில். அடுத்த தடவை இருவரும் சம அளவு. இப்போது ஐயா நடுவில், தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தோடு. கோணேசர் மேல் மூலைக்குப் போய்விட்டார். ஒளிவட்டத்தைக் கொம்பியூட்டரில் போட்டுக் கொடுத்தது நான்தான். அதற்குத் தனிக் காசு.

படத்தைவிட என்னை யோசிக்க வைத்தது அவர்கள் கொப்பி எடுக்கக் கொண்டுவந்த படிவம். பெயர், விலாசம், சரி. அதற்குக் கீழே: வெளிநாட்டில் யார், எந்த நாடு, வீட்டில் யாருக்கு என்ன வருத்தம், யாரோடு கதைபேச்சில்லை, காணாமல் போனவர்கள் உண்டா. புதிதாக வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, கதையோடு கதையாகக் கேட்டுத் தொண்டர்கள் இதை நிரப்பிக்கொள்கிறார்கள். அடுத்த வெள்ளி ஐயா கண்ணை மூடியபடி, “உன் மகன் குளிர் தேசத்தில தனிய இருக்கிறான்” என்கிறார். அந்தத் தாய் அழாமல் என்ன செய்வாள்?

அமெரிக்காவில் ‘மக்கள் ஆலயம்’ என்ற சபை நடத்திய ஜிம் ஜோன்ஸும் இதைத்தான் செய்தார். அவருடைய ஆட்கள் வீடுகளுக்குப் போய் நோட்டம் பார்த்து, குப்பையைக்கூடக் கிளறி விபரம் எடுத்துக் கொடுத்தார்கள். மேடையில் அது ஞானதிருஷ்டி ஆனது. கோழிக் கழிவைக் காட்டி, புற்றுநோய்க் கட்டி வெளியே வந்துவிட்டது என்றார்கள். ஆனால் சனம் அற்புதத்துக்காக மட்டும் போகவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக இருந்து கும்பிட்ட இடம் அது. முதியவர்களைப் பராமரித்தது, பசித்தவனுக்குச் சாப்பாடு போட்டது. போனவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கேட்பதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது: முதலில் நேரம், பிறகு சம்பளம், பிறகு வீடு. செய்யாத குற்றத்தைச் செய்ததாக எழுதிக் கையெழுத்தும் வாங்கி வைத்தார்கள். கடைசியில் சனத்தைத் தென்னமெரிக்காவில் கயானாக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்; அங்கே பாஸ்போர்ட்டும் கையில் இல்லை, ஒலிபெருக்கியில் எந்நேரமும் அவர் குரல். சாவதற்கு ஒத்திகையும் பார்த்தார்கள். 1978 நவம்பர் 18இல், விசாரிக்க வந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயனைச் சுட்டுக் கொன்றார்கள். பிறகு சயனைட் கலந்த பானம். அன்று செத்தவர்கள் 900க்கு மேல், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள். இதைக் ‘கூட்டுத் தற்கொலை’ என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம். குழந்தை எங்கே தற்கொலை செய்தது?

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. மாத்தளைப் பிரேமானந்தா எங்கள் நாட்டுக்காரர். 1983 கலவரத்துக்குப் பிறகு அநாதைப் பிள்ளைகளோடு இந்தியா போய், திருச்சிப் பக்கம் ஆச்சிரமம் வைத்தார். கையில் விபூதி வந்தது, சிவராத்திரிக்கு வாயிலிருந்து லிங்கம் வந்தது. ஆச்சிரமத்துப் பெண்பிள்ளைகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கும் ஒரு கொலைக்குமாக 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2011இல் கைதியாகவே இறந்தார். அந்தப் பிள்ளைகளுக்குக் காவல்காரன் எதற்கு? ஓடிப்போக ஒரு வீடு இல்லையே. அவர் குற்றமற்றவர் என்று சொல்லும் பக்தர்கள் அதற்குப் பிறகும் இருக்கிறார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறார். கணவர் இல்லை, மகன் சுவிஸில். சங்கிலி ஐயாவிடம் போய்விட்டது. அதைவிடப் பெரிய இழப்பு, லிங்கநகரில் இருக்கிற சொந்தத் தங்கையோடு இப்போது கதை இல்லை. சந்தேகப்படுகிறவர்களோடு பழகினால் கிடைத்த அருள் கரைந்துவிடும் என்று ஐயா சொன்னாராம். ஒருநாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். “நான் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க ஆர் தம்பி சோறு கொண்டந்தது? ஐயாட பிள்ளையள்தானே” என்றார். உண்மை. முறைவைத்துக் கொண்டுபோனார்கள், கண்ணால் கண்டேன். ஒளிவட்டத்தில் இல்லை, அந்தச் சோற்றுப் பார்சலில்தான் அவர் பலம்.

அதனால் மாமியோடு ஐயாவைப் பற்றி வாதாடுவதில்லை. வாதாடினால் நானும் சந்தேகக்காரர் கணக்கில் சேர்ந்துவிடுவேன், அப்புறம் அந்த வீட்டு வாசலையும் மிதிக்க ஏலாது. மகனோடு வீடியோவில் கதைக்க மாமி என் கடைக்குத்தான் வருவார். இணைப்புக் கிடைக்கும்வரை ஊர்க்கதை கதைப்போம்.

தங்கையின் பேத்திக்குத் தை மாதம் சாமத்திய வீடு. அழைப்பிதழ் அடிக்க என்னிடம்தான் தந்திருக்கிறார்கள். மாமிக்குரியதைத் தபாலில் போட வேண்டாம், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், நாள் வெள்ளிக்கிழமையில் விழுந்திருக்கிறது. வேறு நாள் பார்க்கலாமா என்று அய்யரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.