கேரம் போர்டும் ரவுண்டு சீலும்: முதலாமாண்டு செய்தி ப்ராஜெக்ட் முடித்த கதை

மார்க் போட்டாகிவிட்டது. இனி தைரியமாக எழுதலாம். இதழியல், விஸ்காம் என்று முதலாமாண்டு சேரப்போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கேமரா, எடிட்டிங் பற்றியெல்லாம் ரொம்பக் கவலைப்படாதீர்கள், அது எப்படியும் வந்துவிடும். கவலைப்பட வேண்டியது கடிதத்தைப் பற்றி. கையெழுத்து, சீல், நகல், அந்த நகலின் மேல் இன்னொரு சீல். எங்கள் குழுவின் உயிர் பாதி அதில்தான் போனது.

ப்ராஜெக்ட் இதுதான்: சீட்டு குலுக்கிப் போட்டு ஐந்து ஐந்து பேராகக் குழு பிரிப்பார்கள். ஐந்து பேருக்கும் பொதுவான ஓர் ஆர்வத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு செய்திக் கட்டுரை, ஒரு சின்ன வீடியோ, லேப் ஜர்னலுக்கு, அதாவது துறையில் மாணவர்களே தயாரிக்கும் இதழுக்கு, ஒரு பக்க லேஅவுட் செய்ய வேண்டும். கடைசியில் ஆளுக்கு ஒரு பக்கம், இதில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று.

சினிமாவையும் கிரிக்கெட்டையும் மற்ற குழுக்கள் முதல் நாளே எடுத்துக்கொண்டன. எங்கள் குழுவில் ஒருவன் வியாசர்பாடி, ஒருத்தி ராயபுரம், இருவர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் இருப்பவர்கள், நான் செங்கம் பக்கத்துக் கிராமம். ஐந்து பேருக்கும் பொதுவாக ஒன்றுமே இல்லை என்றுதான் நினைத்தோம். கேன்டீனுக்குப் பின்னால் கால் ஆடுகிற ஒரு கேரம் போர்டு கிடந்தது. பேசிப் பேசிக் களைத்துப்போய் அதில் உட்கார்ந்தபோதுதான், எல்லோரும் சின்ன வயதிலிருந்து ஆடியவர்கள் என்று தெரிந்தது. சரி, கேரம் என்று முடிவு செய்தோம்.

முடிவு செய்த அரை மணி நேரத்தில் சண்டை. எங்கள் வீட்டில் கறுப்புக்கு ஒரு பாயின்ட், வெள்ளைக்கு அதைவிட அதிகம், ரெட்டுக்கு, அதாவது நடுவில் வைக்கும் சிவப்புக் காய்க்கு, எல்லாவற்றையும்விட அதிகம். வியாசர்பாடிக்காரன் அதைக் கேட்டுச் சிரித்தான். "அதெல்லாம் குழந்தைங்க ஆட்டம். ஒருத்தருக்கு வெள்ளை, ஒருத்தருக்கு கறுப்பு, அவ்ளோதான்." ஹாஸ்டல்காரர்கள் ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்து மைனஸ் ஆனால் இரண்டு காயைத் திருப்பி வைக்க வேண்டும் என்றார்கள். ரெட்டைப் போட்டுவிட்டு உடனே இன்னொரு காயை ஃபாலோவாகப் போடாவிட்டால் ரெட் நடுவில் போகும் என்பதில் மட்டும் ஐந்து பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒரே ஆர்வம் என்று பெயர்தான், ஆடுவது ஐந்து விதமான ஆட்டம்.

வழிகாட்டி ஆசிரியையிடம் போனோம். "உங்களுக்கு கேரம் பிடிக்கும், சந்தோஷம். அதுல செய்தி எங்கே?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். பிடித்த விஷயத்தைப் பற்றி நாலு பத்தி புகழ்ந்து எழுதிக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். ராயபுரத்துத் தோழிதான் வழி கண்டுபிடித்தாள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் வடசென்னையைச் சேர்ந்த காஸிமா மூன்று தங்கம் வாங்கினார். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. அப்பா ஆட்டோ ஓட்டுநர், பயிற்சியாளரும் அவரே. இது எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. "அதுக்கப்புறம் நம்ம ஏரியா கேரம் மன்றங்கள்ல பொண்ணுங்க ஆட வர்றாங்களா? அவங்களுக்குன்னு நேரம் ஒதுக்குறாங்களா?" என்று அவள் கேட்டாள். ஆசிரியை உடனே தலையாட்டினார். காஸிமாவைத் தேடிப்போய்ப் பேட்டி கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று மட்டும் சொன்னார். அவர் போதுமான அளவு பேசிவிட்டார், போர்டு கிடைக்காத பெண்ணைத் தேடுங்கள் என்றார். எனக்குப் பிடித்த அறிவுரை இதுதான்.

இனி கடிதம்.

பொது விளையாட்டுக் கூடம் ஒன்றில் கேரம் போர்டுகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு அங்கே படம் எடுக்கப் போனோம். வாசலில் இருந்தவர், பொறுப்பான அலுவலகத்தில் அனுமதி வாங்கி வாருங்கள் என்றார். நியாயம்தான். கல்லூரி லெட்டர்ஹெட்டில் துறைத் தலைவர் கையெழுத்தோடு கடிதம் வாங்கிக்கொண்டு போனோம். அங்கே ஒரு எழுத்தர். கடிதத்தை வாங்காமலேயே, மேசை மேல் வைத்தபடி பார்த்தார்.

"ரவுண்டு சீல் எங்கம்மா?"

"சார், கையெழுத்துக்குக் கீழே பேர் சீல் இருக்கு சார்."

"அது பேர் சீல். காலேஜ் ரவுண்டு சீல் வேணும்."

திரும்பி வந்தோம். ரவுண்டு சீல் துறையில் இருக்காது, முதல்வர் அலுவலகத்தில் இருக்கும். முதல்வர் கையெழுத்தில்லாமல் அங்கே சீல் வைக்க மாட்டார்கள். முதல்வர் கையெழுத்து வேண்டுமென்றால் துறைத் தலைவர் பரிந்துரை வேண்டும். அவர் அப்போது தேர்வுப் பணிக்கு வெளியூர் போயிருந்தார். எல்லாம் சேர்ந்து வாங்கிக்கொண்டு போனால், அதே எழுத்தர் புதிதாக ஒன்று கேட்டார்: பெறுநர் பதவி தப்பு, இது எங்கள் மேலதிகாரிக்கு எழுத வேண்டியது, மாற்றி எழுதி வாருங்கள். இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாம் அல்லவா? கேட்டதற்கு, "அப்போ சீலே இல்லையே, மீதியை எதுக்குப் பார்க்கணும்?" என்றார். தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது.

வெளியே படிக்கட்டில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தோம். அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அக்கா எங்களை ஏற்கெனவே பார்த்திருப்பார் போல. "கிளார்க் கையில எதுக்குப் போய்க் குடுக்குறீங்க? கீழ தபால் செக்‌ஷன்ல குடுங்க, நகல்ல சீல் வாங்கிக்கோங்க" என்றார். போனோம். பெறுநர் பதவியைப் பேனாவால் திருத்தி, பக்கத்தில் குறுங்கையெழுத்து போட்டுக் கொடுத்தோம். கடிதத்தை வாங்கினார்கள், நகலில் தேதியோடு 'பெறப்பட்டது' சீல் விழுந்தது. அந்த நகலோடு மேலே போனதும் எழுத்தரின் குரலே மாறிவிட்டது. "ஃபைல் போட்டு மேல அனுப்புறேன்மா." அதாவது, இனி அந்தக் கடிதம் வரவே இல்லை என்று அவரால் சொல்ல முடியாது. இந்த ப்ராஜெக்ட்டில் நாங்கள் கைதட்டிக்கொண்ட இடம் இது ஒன்றுதான். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கையில் கொடுக்காதீர்கள், அங்குள்ள தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள்.

அனுமதி வந்ததா என்றால், வாய்மொழியாக வந்தது. போட்டோ எடுக்கலாம், வீடியோ கூடாது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. எங்களுக்கு வேண்டியதோ வீடியோ.

அப்புறம் வியாசர்பாடிக்காரன் தன் தெருவிலுள்ள மன்றத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே கடிதமும் இல்லை, சீலும் இல்லை. செயலாளர் அண்ணன் எங்களை உட்காரவைத்து டீ சொன்னார், அனுமதி முடிந்தது. சுவரில் கேரம் சாம்பியன் மரிய இருதயம் படம் மாட்டியிருந்தது. அங்கிருந்த பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரோடு ஆடியிருக்கிறார்கள், அதில் சிலர் ஜெயித்தும் இருக்கிறார்கள். கேட்கச் சுவையாக இருந்தது. கட்டுரையில் எழுதியபோது ஆசிரியை சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றையும் வட்டமிட்டார். "யார் சொன்னது? வேற யார் உறுதிப்படுத்தினாங்க?" கடைசியில் உறுதியானதை மட்டும் வைத்துக்கொண்டோம்: மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலக சாம்பியன், அர்ஜுனா விருது 1996-இல். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். கேரமையே கண்டுபிடித்தது நம் ஆட்கள்தான் என்று ஒரு தாத்தா அடித்துச் சொன்னார். அதை எடுத்துவிட்டோம். அவருக்குத் தெரிய வேண்டாம்.

விதிமுறைச் சண்டையும் அங்கேதான் தீர்ந்தது. வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, ரெட் ஒன்று. 25 பாயின்ட் எடுக்கும்வரை அல்லது எட்டு போர்டு (அதாவது எட்டு சுற்று) முடியும்வரை ஆட்டம், ரெட்டுக்கு மூன்று பாயின்ட். எங்கள் வீட்டுக் கணக்கைச் சொன்னபோது அண்ணன் சிரிக்கவில்லை. "வீட்டுல அப்படித்தான் ஆடுவாங்க பாப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் பேச்சை வீடியோவில் கொஞ்சம் நீளமாக விட்டேன்.

படம் எடுக்கும்போது இரண்டு தொல்லை. மன்றங்களில் போர்டுக்கு மேல் ஒரு விளக்கைத் தாழ்வாகத் தொங்கவிட்டிருப்பார்கள். மேலிருந்து எடுக்கப் போனால் போன் நிழல் நேராக நடுவட்டத்தில் விழும். ஓரத்திலிருந்து சாய்த்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது, அறையில் டியூப்லைட். ஷட்டரை ஆட்டோவில் விட்டால் வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் நின்றுவிடும். ஒரு சீனியர் அண்ணா போனில் சொன்னது இது. சத்தத்துக்கு மைக்கை போர்டு மேல் வைக்காதீர்கள். ஸ்ட்ரைக்கர் பட்டையில் மோதும்போது காது கிழியும். இன்னொரு போனை ஆடுபவர் சட்டைப் பையில் ரெக்கார்டில் போட்டுவிட்டால் போதும்.

மன்றத்துக்குப் பெண்கள் வருகிறார்களா? வருகிறார்கள், ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குள். அதற்கு மேல் பெரியவர்கள் ஆட்டம், கூட்டம், புகை. 2008-இல் உலக சாம்பியன் ஆன இளவழகியும் வியாசர்பாடிதான். அந்தப் பெருமையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆறு மணிக்கு மேல் போர்டு கொடுப்பீர்களா என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகிறது. எங்கள் கட்டுரையின் உயிரே இந்த இடம்தான் என்பது எடிட்டிங்கில்தான் தெரிந்தது.

பத்தாவது படிக்கிற ஒரு பெண், பள்ளி விட்டதும் வந்து நேரம் முடியும்வரை ஆடுகிறாள். அவளைத்தான் முக்கியமாகக் காட்ட நினைத்தோம். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், சரி. துறையில் கொடுத்த படிவம் முழுக்க ஆங்கிலம். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா எழுதியிருக்கு? இத காலேஜ்ல யாரெல்லாம் பார்ப்பாங்க?" என்று கேட்டார். அதே படிவத்தில் அதற்குப் பதில் இல்லை. அங்கேயே உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினோம்: எங்கே காட்டுவோம், எங்கே போடமாட்டோம், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடுவோம். மகளின் முகத்தைக் காட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு அம்மா கையெழுத்துப் போட்டார். அதனால் வீடியோவில் அவள் கை மட்டும்தான் வருகிறது. நகக்கண்ணில் பவுடர், ஆள்காட்டி விரல் சுண்டுவதற்கு முன் இரண்டு முறை காற்றில் அளவு பார்க்கிறது. முகம் இருந்திருந்தால் இதைக் கவனித்திருக்க மாட்டோம். ஆங்கிலப் படிவத்தை நம்பிப் போகாதீர்கள், தமிழில் ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எடிட்டிங் ஓர் இரவில் முடிந்தது. லேஅவுட் முடியவில்லை. லேப் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்து யூனிகோட் தமிழை ஒட்டினால், கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் போய் நின்றன. 'கேரம்' என்ற தலைப்பில் கொம்பு 'க'வுக்குப் பின்னால். சமர்ப்பிக்க மறுநாள் கடைசி. பழைய எழுத்துருவுக்கு மாற்றி மறுபடி முழுக்கப் பிழை பார்க்கலாம் என்று குழுவில் அழுகாச்சி நிலைமை. லேப் உதவியாளர் வந்து எதுவும் பேசாமல் பாராகிராஃப் மெனுவில் 'வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்தார். எல்லா எழுத்தும் தன் இடத்துக்கு வந்தது. இதை ஒரு தாளில் எழுதி அந்த லேப் சுவரில் ஒட்டினால் எத்தனை பேர் பிழைப்பார்கள்!

கடைசியில் அந்த 'என்ன கற்றுக்கொண்டோம்' பக்கம். ஐந்து பேரும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தோம், ஐந்தும் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் 'குழுவாக இணைந்து செயல்படுவதன் முக்கியத்துவம்' அடிக்கோடு வாங்கியிருந்தது. "நீங்க குழுவா செயல்பட்ட லட்சணம் எனக்குத் தெரியும், நடந்ததை எழுதுங்க" என்றார் ஆசிரியை. ஹாஸ்டல்காரர்களில் ஒருவன் படப்பிடிப்பு ஒன்றுக்குக்கூட வரவில்லை, இரவில் சப்டைட்டில் மட்டும் போட்டான். இரண்டாவது முறை எழுதியபோது நான் அதை எழுதினேன். அவனும் எழுதியிருக்கிறான், காலையில் பார்ட் டைம் வேலைக்குப் போவதாக. யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது. அந்தக் கூடத்தில் எத்தனை போர்டுகள், பெண்களுக்கு எந்த நேரம் என்று எழுத்தரிடம் கேட்டிருந்தோம். "அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு?" என்றார். தகவல் உரிமைச் சட்டத்தில் காரணம் சொல்லத் தேவையே இல்லை. பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டோம். பதில் தர 30 நாள் அவகாசம், ப்ராஜெக்ட் தேதிக்குள் வராது என்று தெரிந்தேதான் போட்டோம். நீங்கள் போடுவதாக இருந்தால் தலைப்பு முடிவான அன்றே போட்டுவிடுங்கள். எங்களுக்கு இன்னும் கெடு முடியவில்லை. வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்கான கடிதத்தை ராயபுரத்துத் தோழி இப்போதே எழுதி வைத்துவிட்டாள்.