இரு மொழிகள் சேர்ந்த முதுகலைப் படிப்பு

ஸ்பானியத்தையும் போர்ச்சுகீசியத்தையும் ஒரே துறையில் முதுகலையில் பயில்பவர், 1572-இல் வெளிவந்த போர்ச்சுகீசியக் கவிஞர் கமோயிஷின் 'லூசியாடஸ்' காவியத்தையும் 1605-இல் முதற்பாகம் வெளிவந்த ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸின் 'டான் குயிக்சாட்' நாவலையும் அடுத்தடுத்துப் படிக்க நேர்வதைப் பெரும்பேறாகவே கருதுகிறேன். போர்ச்சுகீசியத்தில் எழுதிய பிரேசில் எழுத்தாளர் மச்சாடோ டி அசிஸ் தனியே ஓர் உலகம்.

பல பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவர்களே தொடக்கநிலை வகுப்புகளுக்கு மொழியும் கற்பிக்கிறார்கள். ஸ்பானியம் அறிந்த மாணவர் போர்ச்சுகீசியப் பக்கத்தை ஓரளவு தடையின்றி வாசித்துவிடுவார். ஆனால் மூக்கின் வழி ஒலிக்கும் உயிரொலிகளும், லிஸ்பன் பேச்சில் தேய்ந்து மறையும் அசைகளும் காதில் விழுந்தவுடன் திணறிப்போவார். ஆகவே வாசிப்பைவிடக் கேட்டலுக்கே முதல் வாரங்களில் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

இலக்கியப் படிப்பு இந்த மொழி கற்பித்தலில் நேரடியாகக் கைகொடுக்கிறது: 'நீ நாளை வந்தால்' போன்ற தொடர்களில் போர்ச்சுகீசியர் அன்றாடம் ஆளும் எதிர்கால ஐயநிலை வினைவடிவம் இன்றைய ஸ்பானியப் பேச்சில் வழக்கொழிந்துவிட்டாலும், செர்வாண்டிஸின் உரைநடையில் உயிரோடிருக்கிறது.